கிணற்றைப் பார்த்து நின்ற ஜீப்

எங்கள் ஜீப்புக்கு நான் பயப்படுகிறேன் என்று சிரிப்பவர்கள் முதலில் அதன் ஆக்சிலேட்டரில் ஒரு தடவை காலை வைத்துவிட்டு வந்து சிரிக்கட்டும். டவுன் பஸ்கள் நாலாபுறமும் முட்டிக்கொண்டு வரும் நேரத்தில் கோயமுத்தூர் காந்திபுரத்துக்குள் கார் ஓட்டியவள் நான். அங்கே வராத நடுக்கம் அந்தப் பழைய டீசல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாலே வந்துவிடும். பெருவிரலால் லேசாக அழுத்தினால் போதும், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாயும். காலை எடுத்தாலும் உடனே அடங்காது. ஒரு உறுமல் உறுமிவிட்டுத்தான் அடங்கும். மெதுவாகப் போவது என்ற ஒன்றே அதற்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் மதன்குமார் ஊட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அதை வாங்கி வந்தார். அவருக்குக் கனத்த கால். அந்தப் பாய்ச்சல்தான் அவருக்குப் பிடித்திருந்தது. ஜீப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்பார். போன மாதம் தேங்காய்க் குலை ஒன்று, தோப்பில் அத்தனை இடம் இருக்க, அவருடைய வலது பாதத்தைத் தேடிவந்து விழுந்தது. எலும்பு உடைந்து, கட்டுப்போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் ஜீப் என் தலையில் வந்து விழுந்தது.

முடியாது என்று சொல்ல வழியில்லை. என் மாமனார் கந்தப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாங்கள் இருப்பது அன்னூரிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்துக்குள். இந்த ஐப்பசி மழையில், தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓடும் பள்ளத்தில் தண்ணீர் புரண்டு வந்து தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் கார் இறங்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிடும், அதுவரை சேற்றில் அவரைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் சுப்பண்ணன் தன் டிராக்டரின் பின்பெட்டியில் கட்டிலைப் போட்டு ஒருமுறை கொண்டுபோனார். குலுக்கிய குலுக்கலில் மாமா வாந்தி எடுத்து மயங்கிப் போனார். பிறகு அன்னூரிலிருந்து, நாள் கூலிக்கு வண்டி ஓட்டும் ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டோம். அவர் வாசலிலேயே ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார், இறங்கிச் சாவியை என் கையில் கொடுத்தார், தனக்குக் குடும்பம் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

அதனால் திங்கட்கிழமை நானே எடுத்தேன். மாமா பையுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு குழியில் ஜீப் குலுங்க, குலுங்கியதில் என் பாதம் கொஞ்சம் அழுந்த, அழுந்தியதில் அது பாய, பாய்ந்ததில் என் பாதம் இன்னும் அழுந்தியது. கண்ணுக்கு முன்னால் கிணறு வந்தது.

எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையை உடைத்துச் சதுரமாக இறக்கியது, எட்டிப் பார்த்தால் அடிவயிறு கூசும். கிணற்றை அகலப்படுத்தும்போது இடித்த கைப்பிடிச் சுவரை யாரும் திரும்பக் கட்டவில்லை. அப்பனும் மகனும் மாறி மாறி, கட்டோணும் கட்டோணும் என்று சொன்னதோடு சரி. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து எப்படியோ நிறுத்தினேன். ஜீப்பின் மூக்குக்கும் கிணற்று விளிம்புக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் இடம்தான் மிச்சம் இருந்தது. தரை வேறு கிணற்றுப் பக்கமே சரிவு. ஹேண்ட் பிரேக் எந்தக் காலத்திலோ செத்துவிட்டது. முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். 

"போச்சாது அம்மணி, வியாழக்கிழமை பாத்துக்கலாம்" என்றார் மாமா. டயாலிசிஸ் தவறியது பெரிய விஷயமே இல்லை என்பது போல, பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

ஆனால் உடம்பு அப்படிச் சொல்லவில்லை. மறுநாளே கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, வியாழனும் தவறினால் தாங்கமாட்டார் என்று அந்த நர்ஸ் பெண் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். ஜீப்பை ஓட்டினால் கிணறு, ஓட்டாவிட்டால் மாமா. எனக்கு வேறு யோசனை எதுவும் ஓடவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கோயமுத்தூர் உக்கடத்திலிருந்து கரீம் பாய் வந்தார். டீசல் இஞ்சின்களின் பம்பைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரர், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம், அவர்தான் போன் செய்து வரவழைத்திருந்தார். பைக்கை அக்கரையில் விட்டுவிட்டு, டூல்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கி நடந்தே வந்தார். கிணற்றைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். இங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று கேட்டார். நான் இல்லை, அதுவேதான் வந்து நின்றது என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே முன் சக்கரத்துக் கற்களைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் உள்ளே கொஞ்சம் உதறல்தான் என்று எனக்குப் புரிந்தது.

பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுக் குனிந்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பெடலிலிருந்து வரும் கேபிள், டீசல் பம்பின் மேல் இருக்கும் ஒரு சின்னக் கையை இழுக்கிறது. அந்தக் கையில் இரண்டு துளை. கேபிளை உள்துளையில் மாட்டியிருந்தார்கள். அதனால் கொஞ்சம் மிதித்தாலே கை முழுக்கத் திரும்பிவிடுகிறது. அவர் அதைக் கழற்றி வெளித்துளையில் மாட்டினார். பெடல் திரும்பி வருவதற்குத் தன் பையிலிருந்து இன்னொரு ஸ்பிரிங்கும் போட்டார். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து என்னை மிதிக்கச் சொன்னார். உண்மையாகவே உறுமல் குறைந்திருந்தது. மிதித்த அளவுக்கு ஏறியது, விட்டதும் இறங்கியது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் பாய்க்குத் திருப்தி இல்லை. நின்ற இடத்தில் எல்லா வண்டியும் நல்ல பிள்ளைதான், நகரும்போது இஞ்சின் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். பானெட் திறந்தபடியே இருக்கட்டும், ரிவர்சில் போட்டுக் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, கிணற்றை விட்டுப் பின்னால் நகர்த்தச் சொன்னார். தானே உட்கார்ந்து எடுத்தால் இஞ்சினை யார் பார்ப்பது என்றும், நாளைக்கு மிதிக்கப்போவது என் கால்தானே என்றும் கேட்டார். நியாயம்தான். ஆனால் இஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் நிற்க வேண்டிய இடம் ஜீப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில். அங்கே நிற்காதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். வீடு தேடி வந்த மனுஷரிடம் அப்படிப் பட்டென்று பேச எங்களுக்கு வாய் வராது. பார்த்து நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதெல்லாம் பரவாயில்லை என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமா தடியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்து, பக்கத்து சீட்டில் ஏற ஆரம்பித்தார். நானும் பாயும் என் வீட்டுக்காரரும் வேண்டாம் என்றோம். "நாளைக்கு உக்காரப் போறவந்தான? இன்னைக்கே உக்காந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேவிட்டார். என்மேல் அவருக்கு நம்பிக்கை இருப்பதைக் காட்டத்தான் ஏறினார் என்று நினைத்துக்கொண்டேன். 

திறந்த பானெட் எனக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. பாயின் முகமும் தெரியவில்லை, கிணறும் தெரியவில்லை. பானெட்டுக்குக் கீழே இருந்த இடுக்கில் அவருடைய சட்டையின் நீலம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. வலப்பக்கம், மாட்டுக்கொட்டகை ஓரத்தில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மதன்குமார் உட்கார்ந்திருந்தார். கியர் குமிழில் எண்கள் எல்லாம் தேய்ந்து மொட்டையாக இருந்தது. முதல் கியரும் ரிவர்சும் அக்கம்பக்கத்து வீடு. நன்றாக இடப்பக்கம் தள்ளி இழுத்தால் ரிவர்ஸ், கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் முதல் கியர். தள்ளினேன், இழுத்தேன். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. விழுந்தது ரிவர்ஸ்தான் என்று நம்பினேன்.

கிளட்சை விட்டேன். ஜீப் நகர்ந்தது. பின்னால் போகிறது என்று என் மூளை சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் முன்சக்கரம் எதன்மேலோ ஏறியது. ஏன் ஏறுகிறது என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பாயின் குரல் வந்தது.

"எடுங்க அம்மணி, எடுங்க, எடுங்க."

கொட்டகைப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரும் கத்தினார். இஞ்சின் சத்தத்தில் முதல் வார்த்தை அடிபட்டுப்போய், "எடு நந்திதா, எடு" என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

எங்கள் ஊரில் வாசலில் வண்டி நின்றால் எடுங்க என்பார்கள். வழியை மறித்தால் எடுங்க என்பார்கள். பிறந்ததிலிருந்து எனக்கு அந்த வார்த்தைக்கு வண்டியைக் கிளப்பு என்றுதான் அர்த்தம். பாய்க்கு ஏதோ ஆபத்து, அவரை விட்டு வண்டியைச் சீக்கிரம் பின்னால் எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். எடுத்தேன். காலை அழுத்தினேன்.

ஜீப் கல்லை ஏறி இறங்கியது. பாயின் நீலச் சட்டை இடுக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் நாங்கள் முன்னால் போகிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் என் கால் கேட்கவில்லை. அவர்கள் எடு எடு என்று கத்தக் கத்த அது இன்னும் அழுத்தியது. பாய் பக்கவாட்டில் குதித்துத் தப்பியிருக்கலாம். குதிக்கவில்லை. பம்பர் தொடையில் இடித்துத் தள்ள, அவர் இஞ்சின் மேலேயே கவிழ்ந்து படுத்து உள்ளே கையை விட்டார். டீசல் வண்டியை நிறுத்துவதற்கு டேஷ்போர்டில் ஒரு குமிழ் உண்டு. அதை இழுக்க வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அந்தக் குமிழின் கம்பி போய்ச் சேரும் இடத்தை அவர் விரலாலேயே தள்ளினார். இஞ்சின் ஒரு உதறு உதறி நின்றது. வண்டியும் கியரில் இருந்தபடியே நின்றது.

எதுவோ ஒன்று கிணற்றுக்குள் விழுந்து தண்ணீரில் மோதும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாய் என்று கூப்பிட்டேன். திரும்பக் கூப்பிட்டேன்.

"செருப்புத்தானுங்க" என்றார் அவர். குரல் அழுகிறவர் குரல் மாதிரி இருந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லாமல், குதிகால் கிணற்று விளிம்பில் இருக்க, பம்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வந்து, காலை எடு என்று சொன்னால் ஏன் மிதித்தாய் என்று என்மேல் பாய்ந்தார். காலை என்று யார் சொன்னது, எனக்குக் கேட்டது எடு மட்டும்தான், நம் ஊரில் எடு என்றால் என்ன அர்த்தம் என்று நானும் கத்தினேன். பாய் இடையில் புகுந்து, தப்பு தன்னுடையதுதான், டிரைவரிடம் எடுங்க என்று சொல்லியிருக்கக் கூடாது, நில்லுங்க என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார். 

தண்ணீர் குடித்த பிறகுதான் அவர் சொன்னார். வண்டி தன்மேல் வந்தபோது இஞ்சின் ஒரு பக்கம் எழும்பியதை அவர் பார்த்திருக்கிறார். இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் ஒன்று கிழிந்து போயிருக்கிறது. வண்டி இழுக்கும்போது இஞ்சினே சாய்ந்து, தன் கேபிளைத் தானே இழுத்துக்கொள்கிறது. அதாவது நான் கொஞ்சம் மிதித்தால் மிச்சத்தை அதுவே மிதித்துக்கொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இத்தனை நாள் என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். இப்போது நொண்டிக்கொண்டே போய்ப் பக்கவாட்டிலிருந்து இஞ்சினை எட்டிப் பார்த்தார்.

சுப்பண்ணன் டிராக்டரில் சங்கிலி போட்டு ஜீப்பைக் களத்துக்கு இழுத்துவிட்டார். பாய் பழைய டயரிலிருந்து தடித்த ரப்பரை அறுத்து, கிழிந்த ரப்பருக்குப் பதிலாக வைத்து, நீள போல்ட்டால் இறுக்கினார். இது நாளை ஒருநாளைக்குத் தாங்கும், பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் பட்டறைக்குக் கொண்டுவந்தால் புதியது போட்டுவிடலாம் என்றார். கிணறு இல்லாத அந்தக் களத்தில் என்னை உட்காரவைத்து, சுற்றிச் சுற்றி ஓட்டவைத்தார். ஜீப் சொன்னபடி கேட்டது. மெதுவாகப் போகச் சொன்னால் மெதுவாகப் போனது. எனக்குத்தான் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் பாய் விளிம்பில் நின்ற நிலை கண்ணுக்குள் வந்தது.

பாய் போன பிறகு மாமாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. பாய் கத்தினார், என் வீட்டுக்காரர் கத்தினார், கொட்டகையில் மாடுகள்கூடக் கத்தின. என் பக்கத்திலேயே இருந்த மாமா ஒரு சத்தமும் போடவில்லை. எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கை இரண்டும் மடியில் இருந்தபடியே இருந்தன.

பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"பாய்க்கு என்னமோ ஆகிப்போகுமோன்னுதான் கண்ணு பயந்துபோட்டேன்" என்றார். "நமக்கென்ன. உள்ள போயிருந்தா இந்த ஊசி, மிஷினு எல்லாம் ஒரே வழியா முடிஞ்சிருக்கும்."

 அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சற்றுக் கழித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நீயும் வண்டிலதான இருந்தே. அத நான் நெனைக்கவே இல்ல பாரு" என்றார்.

எனக்குக் கோபமா பயமா என்று தெரியவில்லை. கிணற்று விளிம்பில் வந்ததைவிட இது பெரிய பயம். அங்கேயாவது கையை விட்டு நிறுத்த ஒரு ஆள் இருந்தார். இவர் எங்களுக்காகத்தான் திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறார், தனக்காக அல்ல என்பது எனக்கு அந்த நொடியில் தெரிந்துபோனது. நாளைக்குப் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு சக்கரம் வழுக்கினால்கூட இந்த மனுஷர் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வழுக்கட்டும் என்று காத்திருப்பார்.

"மாமா, நாளைக்கு நீங்களும் பயப்படோணுங்க" என்றேன்.  "நான் ஒருத்தியே எத்தனைக்குத்தானுங்க பயப்படறது?"

 அவர் கஞ்சியை முழுக்கக் குடித்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பள்ளத்துக்கரையில் ஜீப்பின் மூக்கு கீழே சாய்ந்தது. பெருவிரலால் அழுத்தினேன், அழுத்திய அளவுக்குத்தான் நகர்ந்தது. பாதி இறக்கத்தில் இடது சக்கரம் சேற்றில் ஒரு சறுக்குச் சறுக்கியது. வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. நான் மாமாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு ரோட்டையே பார்த்தேன்.

"மெதுவா அம்மணி, மெதுவா. அந்தப் பக்கம் பாறை இருக்குது" என்றார் மாமா.

இத்தனை வருஷத்தில் என் ஓட்டுதலைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை அது. அவர் பக்கம் திரும்பினேன். வீங்கிய இரண்டு கையாலும் முன்னால் இருந்த கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தார். நிஜமாகவே பயந்தாரா, நான் கேட்டதற்காகப் பயந்தாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாது என்பதால் அப்படியே ஓட்டினேன்.